நின்று எழுதுகிறவருக்கு ஒரு பேனாக்கூடு

சட்டைப் பையில் பேனாவை வெறுமனே செருகி வைப்பது நல்ல பழக்கமில்லை, ஐயா. இந்த ஊர் வெயிலில் உடம்புச் சூடு பட்டதும் பேனாவுக்குள் இருக்கும் காற்று விம்மி, மை மெல்ல வெளியே வரும். உங்கள் பையின் ஓரத்தில் நீலமாக ஒரு புள்ளி தெரிகிறதே, அது இன்றைக்கு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் சொல்லி உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் போகாது.

மொழிபெயர்க்க வந்த மரியநாதன் ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் சொல்வதை அப்படியே மலாய் மொழியில் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சொன்னால் போதும். என் பங்குக்கு நான் நிதானமாகவே சொல்கிறேன். மேசைமேல் நான் கொண்டுவந்து வைத்த அந்தத் தோல்கூட்டை யாராவது தொட்டிருந்தால் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

என் பெயர் அய்யாவு. ஜொகூர் பாருவில் ராவுத்தரின் காகிதக் கடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து தோல் வேலை செய்கிறேன். முன்பக்கம் அவர் மையும் காகிதமும் பேனாவும் விற்பார். பேனா வாங்கியவர் அதைக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே என்றால், திரையை விலக்கி என்னைக் காட்டிவிடுவார். முதலாளிக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர், தொழுகை தவறாதவர். அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேனாக்கூடு தேர்ந்தெடுப்பதைப் பலபேர் அலட்சியமாக நினைக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று தகரக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு மழைக்காலம் போனால் உள்ளே வியர்த்து, பேனாவின் கொக்கியில் துரு ஏறிவிடும். பள்ளிக்கூட வாத்தியார் என்றால் சுருட்டிக் கட்டுகிற துணிப்பை போதும், அவர் சாவகாசமாக முடிச்சை அவிழ்ப்பார். நிலம் அளக்கிறவருக்கு இரண்டு அறை வைத்த மடிப்புப் பர்சு. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் பேனாவும் பென்சிலும் உரசிக்கொண்டு பேனாவின் மேனி கீறிவிடும். சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தில் வருகிறவர்கள் முதலைத்தோல் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அது விறைப்பு, குனிந்தால் குத்தும். கன்றுத்தோல்தான் கைக்கு அடக்கம்.

யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நீங்கள் உட்கார்ந்து எழுதுகிறவரா, நின்று எழுதுகிறவரா? மேசை வைத்திருப்பவருக்கு எந்தக் கூடும் சரிப்படும். நின்றுகொண்டு எழுதுகிறவருக்கு ஒரு கையால் திறந்து ஒரு கையால் உருவுகிற மாதிரி வேண்டும். இதைக் கேட்டு அவரவர் எழுதும் விதத்தைச் சொல்லச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சபாபதி ஐயாவும் அப்படித்தான் திரையை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். லாயாங் லாயாங் பக்கத்துக் கித்தாத் தோட்டமொன்றில், ரப்பர்த் தோட்டம்தான், பெரிய கிராணி; ஆட்கணக்கும் எழுத்து வேலையும் அவர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, வெள்ளைக் கோட்டு, கோட்டின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு மைக்கறை.

"தம்பி, இந்தக் கோட்டைப் பாரும். போன மாசமும் இப்பிடித்தான் ஒண்டு பழுதாப் போச்சு. மனுசி பேசுறா. இந்தப் பேனையை வைக்க ஒரு நல்ல கூடு தாரும்."

"ஐயா உட்காந்து எழுதுறவங்களா, நின்னு எழுதுறவங்களாங்க?"

"பெரட்டிலை நிண்டுதான். ஒரு கையிலை புத்தகம், மற்றக் கையிலை பேனை. மூடியைப் பல்லிலை கடிச்சுக்கொண்டு எழுதுறது. வேறை என்ன செய்யிறது, தம்பி?"

பெரட்டு என்றால் விடிந்ததும் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கிராணிமார் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மூடியை எங்கே வைப்பது? பல்லில்தான். நானும் தோட்டத்தில் கூலியாக வரிசையில் நின்ற காலத்தில் பார்த்திருக்கிறேன், வாயில் பேனா மூடியோடு பெயர் கூப்பிட்டால் முனியன் என்பது மூயன் என்று வரும். ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அவர் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வாரத்தில்தான் நான் அங்கிருந்து கிளம்பினேன். ஆனால் பெரட்டில் தூரத்தில் நின்று பார்த்த அந்த முகத்தை நான் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தேன். நாளைக்கு வாருங்கள், உங்கள் பேனாவுக்கு அளவெடுத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எனக்கு அங்கம்மா என்று ஒரு மனைவி இருந்தாள். தலைப்பிரசவம். வலி எடுத்து ராத்திரி போய்க் காலை வந்து, மதியமும் ஆகிவிட்டது, பிள்ளை வெளியே வரவில்லை. கூலிகள் குடியிருக்கிற லயத்தில் பிரசவம் பார்க்கிற வெள்ளையம்மா, இது தன் கைக்கு மிஞ்சியது, குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் துண்டு என்று ஒன்று உண்டு. பெரிய கிராணி கையெழுத்துப் போட்ட ஒரு சின்னக் கடுதாசி. அது இருந்தால் வண்டிக்காரன் மாட்டைப் பூட்டுவான், காவல்காரன் வாசல் கட்டையைத் தூக்குவான். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் ஓடிப்போனவன் என்று மாத்தா, போலீஸ்காரர்கள், பிடித்துக்கொண்டு வருவார்கள். கோபிக்க வேண்டாம் ஐயா, அப்போது அப்படித்தான் இருந்தது.

துண்டு வாங்க அங்கம்மாவின் அண்ணன் வீரமுத்துவை அனுப்பினேன். புதுக் கிராணியான சபாபதி ஐயா வெள்ளைக்காரத் துரையோடு மேட்டுக்காட்டில் இருந்தார். நல்ல மழை. வீரமுத்து ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். வெறுங்கையோடு திரும்பி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றான்.

"மச்சான், 'பேனை இல்லை'ன்னாரு. பையத் தட்டிக் காட்டுனாரு. 'கெதியாப் போகட்டும்'னு சொல்லிட்டு, கொடைய விரிச்சிக்கிட்டு தொரை பின்னாலயே போயிட்டாரு, மச்சான்."

எங்கள் பேச்சில் கெதி என்றால் தெரியுமல்லவா? விதி, வந்து சேர்கிற முடிவு. செத்தவர்களுக்கு நல்ல கெதி கிடைக்கட்டும் என்போம், வீணாய்ப் போனவனைப் பார்த்து அவன் கெதி அவ்வளவுதான் என்போம். போகட்டும் என்றால் விட்டுத்தள்ளு. பிள்ளை பெற முடியாமல் துடிக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டால், அவள் கெதிப்படி போகட்டும், விடு என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாராம். காரணம், பேனா கையில் இல்லை.

விளக்கேற்றும் நேரத்தில் அங்கம்மா போய்விட்டாள். பிள்ளையும் அவளோடு போயிற்று.

நான் அழவில்லை. கறுவினேன். இரண்டும் ஒன்றாக வராது ஐயா, ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கிக்கொள்ளும். காரியம் முடிந்த கையோடு தோட்டத்தை விட்டு வந்து, பாருவில் ஒரு சீனத் தோல்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தைக்கப் பழகி, ராவுத்தரிடம் வந்து சேர்ந்தேன். அந்த மனிதர் என்றைக்காவது பேனா வாங்க வருவார் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். ரயில் பாதையோரத்துத் தோட்டங்களின் கிராணிமார் சாமான் வாங்க எங்கே போவார்கள்? இங்கேதான் வர வேண்டும். பேனா இல்லாத மனிதருக்கு ஒரு நாள் பேனா வேண்டியிருக்கும்.

ஆகவே கூடு தைத்தேன். என் கையால் தைத்ததிலேயே அதுதான் சிறந்தது, இப்போதும் சொல்வேன். சின்னது, விரல்களுக்கு நடுவில் அடங்கும். கன்றுத்தோல், மேலே மடங்கி மூடுகிற நாக்கு, அதைப் பிடிக்க ஒரு வார். பேனா தலைகீழாகிவிடாமல் அடியைச் சற்றுக் குறுக்கினேன். உள்ளே கம்பளித்துணி. மூடி போய் உட்கார்கிற இடத்தில் மட்டும் துணியைக் கொஞ்சம் தடிப்பாக வைத்து, மூடியை எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி செய்தேன். அந்தத் துணியைத்தான் லாலான் மருந்தில் ஊறவைத்துக் காயவைத்தேன்.

தோட்டத்தில் லாலான் புல்லை ஒழிக்க அடிக்கிற மருந்து அது. அதன் உப்புருசிக்கு ஆசைப்பட்டு மாடுகள் புல்லை நக்கிவிட்டு வயிறு உப்பிச் செத்துக் கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஆட்களைத் தெரிந்தவனுக்கு ஒரு போத்தல் கிடைப்பது பெரிய காரியமில்லை. எவ்வளவு, எப்படி என்பதையெல்லாம் மரியநாதன் ஐயா எழுத வேண்டாம். நாலு பேர் படிக்கிற காகிதம்.

மறுநாள் சபாபதி ஐயா வந்தார். பேனாவை உள்ளே விட்டுப் பார்த்தார், உருவிப் பார்த்தார், மறுபடி விட்டார். குழந்தை மாதிரி சிரித்தார்.

"அச்சா வேலை, தம்பி. இனி மனுசி வாய் திறக்கமாட்டா."

"இனி பேனா இல்லன்னு யாருகிட்டயும் சொல்ல வேண்டியிருக்காதுங்க" என்றேன். அதையும் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, தான் பேனாவை மறந்துவிட்டு வெளியே போகிற ஆள்தான் என்று ஒப்புக்கொண்டார். முன்னே ஒரு தடவை அதனால் பெரிய சங்கடமாகிவிட்டதாம். என்ன சங்கடம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன்பிறகு பாருவுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். உள்துணியைப் பரிசோதித்து மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மை ஊறிக் கெட்டுப்போகும் என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மைதான், எந்த நல்ல கூட்டுக்கும் அது தேவை. ஒவ்வொரு தடவையும் பழையதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக் கொடுத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பேசுவார். மைத்துனன் ஜெயபாலனுக்கு மெர்சிங்கில் வேலை கிடைத்ததைச் சொன்னார். கோட்டு இப்போது சுத்தமாக இருப்பதைச் சொன்னார். கோட்டு உண்மையிலேயே சுத்தமாக இருந்தது, அவர்தான் அதற்குள் மெலிந்துகொண்டு வந்தார். உள்ளங்கைத் தோல் தடித்து, முகம் கறுத்து, பேசும்போது அடிக்கடி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"சாப்பாடு பிடிக்கேல்லை, தம்பி. வயித்துக்குள்ளை எரிஞ்சுகொண்டே கிடக்கு. தோட்டத்து டிரெசரின்ரை மருந்து ஒண்டும் கேக்குதில்லை."

மோர் குடியுங்கள், காரம் குறையுங்கள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை நான் உதறவில்லை. அங்கம்மா அன்றைக்கு இரவும் பகலும் துடித்தாள், இவருக்கு மாதக்கணக்கில் என்று என் மனசு கணக்குப் போட்டது. அப்போது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக விரும்பவில்லை. இந்த மாசிக்குப் பிறகு அவர் வரவில்லை.

இன்றைக்குக் காலையில் அவருடைய மனைவி செல்வராணி அம்மா கடைக்கு வந்தார். வெள்ளைச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. மடியிலிருந்து கூட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இந்த வார் அறுந்துபோச்சு. தைச்சுத் தாரும். எங்கடை ஜெயபாலனுக்குக் குடுக்கப்போறன். அத்தான்ரை ஞாபகமா அவன் வைச்சிருக்கட்டும்."

"ஐயா எப்படிங்க...?"

"அவர் கெதியாப் போயிட்டார், தம்பி. கடைசியிலை ரெண்டு நாள் படுத்தவர், அவ்வளவுதான்."

கெதியா என்றால் என்ன அம்மா என்று கேட்டேன். சுறுக்கா, சீக்கிரமா என்று சொல்கிறது என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்துக்கொண்டு. என் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. சீக்கிரம். பேனா இல்லை, அதற்காக நிற்க வேண்டாம், துண்டு பிறகு தருகிறேன், அவள் சீக்கிரம் போகட்டும். மழையில் ஒரு வெளியூர்க்காரர் சொன்னது அதுதான். எங்கள் காதில் விழுந்தது வேறு.

வாரைத் தைத்து நாளைக்குத் தருகிறேன் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, கூட்டைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு நேராக இங்கே வந்தேன். ஜெயபாலனும் கிராணிதான், அவனும் நின்றுதான் எழுதுவான். அவன் என்ன பாவம் செய்தான்? ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால் ஒரு குற்றமற்றவரைக் கொன்றுவிட்டேன். அதை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்கத்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

என்ன ஐயா?

மரியநாதன் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்பது இது: "அய்யாவு, ராவுத்தர் கடைக்கு நானும்தான் மை வாங்க வர்றேன். அங்க வர்ற கிராணிமாருங்கள்ல பாதிப் பேரு யாழ்ப்பாணத்துக்காரங்க. 'கெதியாத் தா, ரயிலுக்கு நேரமாச்சு'ன்னு தெனம் அந்தக் கடையில சத்தம். எத்தனையோ வருஷமா அங்க உக்காந்திருக்கிற உனக்கு, அந்த அம்மா வந்து சொல்லித்தான் தெரியணுமா?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். நானும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தெரியும்.

ராவுத்தரிடம் வந்த புதிதிலேயே தெரியும். யாரோ ஒரு தபால் ஆபீஸ்காரர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கெதியா, கெதியா என்று அவசரப்படுத்தினார். முதலாளி ஓடி ஓடிச் சாமான் கட்டினார். எனக்குப் புரிந்துபோயிற்று. அன்றைக்கு நான் தைத்த தையலை மறுநாள் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

வீரமுத்துவும் ஒரு தடவை வந்தான். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலம். ஊருக்குப் போகுமுன் என்னைத் தேடிவந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

"மச்சான், அன்னிக்கு அவரு சொன்னது... அது வேற அர்த்தமாம் மச்சான். அவங்க பேச்சுல சீக்கிரம்னு அர்த்தமாம். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்." அழுதான்.

தெரியும் மச்சான், யாரிடமும் சொல்லாதே என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடிப்போய்க் கேட்டு, காதில் விழுந்ததை வந்து சொன்னவன். அவன் குற்றம் என்ன?

அதன் பிறகும் ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். அன்று வீரமுத்து வாசலில் வந்து சொன்னபோது நல்ல வெளிச்சம் இருந்தது ஐயா. மழையும் விட்டிருந்தது. வெள்ளையம்மா உள்ளேயிருந்து வந்து என் முகத்துக்கு நேரே கத்தினாள்.

"துண்டு என்னடா துண்டு! போர்வையில தூளி கட்டுங்க, ரெண்டு பேரும் தூக்குங்க. ரயில் ஸ்டேஷன் பக்கந்தான. உசுரு போயிக்கிட்டிருக்கு, நீ கடுதாசிக்கா ஒக்காந்திருக்க?"

வீரமுத்து கம்பு எடுக்கப் போனான். நான்தான் வேண்டாம் என்றேன். துண்டில்லாமல் போனால் பிடிப்பார்கள், அடிப்பார்கள், வேலையிலிருந்து பெயரை வெட்டுவார்கள். கிராணி மனசு மாறி ஆளனுப்பினாலும் அனுப்புவார், கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். அங்கம்மா உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்கிறவள் இல்லை அவள். நான் வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் குரல் நிற்கிற வரைக்கும்.

சபாபதி ஐயா கெடுதலாகச் சொல்லியிருந்தால், அவளைக் கொன்றவர் அவர். சீக்கிரம் போகட்டும் என்று சொல்லியிருந்தால், அவளைப் போகவிடாமல் உட்கார்ந்திருந்தது யார்? அந்தக் கேள்வியோடு என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை. அந்த மனிதர் கெட்டவராக இருந்தே ஆக வேண்டியிருந்தது. அவர் சொன்னது சீக்கிரம் என்றுதான் என்பது நன்றாகத் தெரிந்த பிறகுதான் ஐயா, அந்தக் கூட்டுக்கு உள்துணி வெட்டினேன்.